பச்சை வட்டமும் கன்னத்து மங்கும்: சன்ஸ்கிரீன் செயலியை நம்பிய ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வடபகுதிக் குடியிருப்புப் பேட்டை ஒன்றில் மருந்தாளராகப் பணிபுரியும் நான், எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண்மணியுடன் சேர்ந்து பிப்ரவரி முதல் அக்டோபர் வரை கையாண்ட ஒரு சிக்கலை இங்குப் பதிவு செய்கிறேன். அவருடைய இசைவுடன்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவர் ஒருமுறை படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். அவர் பயன்படுத்திய செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இவ்வகைச் செயலிகள் பெரும்பாலும் ஒரே கணக்கு முறையைத்தான் பின்பற்றுகின்றன என்பதால், பெயரைச் சொல்வது படிப்பவர்களைத் திசைதிருப்பும் என்று கருதினேன்.

பின்னணி

அவருக்கு வயது 41. திருமணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு படர்ந்தது. பேறுகாலத்துக்குப் பிறகு ஓரளவு மறைந்த அது, அவர் மாணவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு ஆண்டுகளில் மீண்டும் கருத்துத் தடித்த விளிம்புடன் தெரியத் தொடங்கியது.

அவருடைய அன்றாட வேலையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கலின் மையம் அதில்தான் இருந்தது. ஆனால் நானும் அதைத் தாமதமாகவே கேட்டறிந்தேன். அருகிலுள்ள தொடக்கப்பள்ளி பிற்பகல் 1.30 மணிக்கு விடும். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளைப் பள்ளி வாயிலிலிருந்து நிலையத்துக்கு நடத்தி அழைத்து வருவது இவருடைய பொறுப்பு. 1.10க்குப் புறப்படுவார், வாயிலில் நின்று பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பார், எண்ணிக்கை சரியானதும் பிள்ளைகளை வரிசையில் நடத்திக்கொண்டு 1.55 அளவில் திரும்புவார். இந்த 45 நிமிடங்களில் ஏறத்தாழ 35 நிமிடங்கள் திறந்தவெளி வெயிலில் கழிந்தன. மற்றபடி காலை 10 மணிவாக்கில் வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பார், மாலை 5 மணிக்குப் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்வார்.

வீட்டில் மாமியார், 'வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு கறுத்துப் போயிட்டா' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கணினித் துறையில் பணியாற்றும் கணவர், ஜனவரியில் பள்ளி திறந்த வாரத்தில், வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையும் சன்ஸ்கிரீனை எப்போது மீண்டும் பூச வேண்டும் என்பதையும் சொல்லும் செயலி ஒன்றை அவருடைய கைப்பேசியில் நிறுவிக் கொடுத்தார்.

முதல் சந்திப்பு

பிப்ரவரி இரண்டாம் வாரம் அவர் கடைக்கு வந்து கேட்டது, மங்கு போகவும் முகம் கொஞ்சம் வெளுக்கவும் ஒரு கிரீம். இந்த இரண்டு விருப்பங்களையும் நாங்கள் முதலில் பிரித்தாக வேண்டியிருந்தது. மங்கு என்பது தோலின் ஒரு பகுதியில் நிறமி கூடுதலாகச் சேர்வதால் வருவது. அதற்குச் சிகிச்சை உண்டு. இயல்பான நிறத்தை வெளுக்கச் செய்வது சிகிச்சையே ஆகாது. இணையத்திலும் சில கடைகளிலும் விற்கப்படும் வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசமும், பொட்டலத்தில் குறிப்பிடாத ஸ்டீராய்டு மருந்துகளும் கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கைப்பையில் அப்படியொரு டப்பா இருந்தது என்பது பிற்பாடு, மே மாதத்தில்தான் தெரிய வந்தது. நல்லவேளையாக அதை அவர் திறந்திருக்கவில்லை.

வெயிலில் போகிறீர்களா என்று கேட்டபோது, தயக்கமின்றிக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஆறு வாரங்களின் பதிவு அதில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வட்டம். அன்றைய பாதுகாப்பான நேரத்தைத் தாண்டினால் அது சிவக்கும். ஒரு நாள்கூடச் சிவக்கவில்லை. வரிசையாகப் பச்சை வட்டங்கள்.

"மேடம், நான் உச்சி வெயில்ல போறதே இல்லைங்க. பன்னிரண்டு மணிக்கெல்லாம் உள்ளதான் இருப்பேன். ஒன்றேகாலுக்கு மேலதான் பிள்ளைங்களக் கூட்டி வரப் போவேன், அப்ப வெயில் சாஞ்சிருக்கும்" என்றார்.

இந்த ஒரு சொற்றொடரில் இருந்த பிழையை உடனே கண்டுகொண்டதை என்னுடைய சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். நானும் இதே பேட்டையில் மதிய உணவுக்கு வெளியே போகிறவள். தஞ்சாவூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.15 மணிக்கு. அங்கே 'பன்னிரண்டு மணி வெயில்' என்ற பேச்சு கடிகாரத்தோடு பொருந்தும். சிங்கப்பூரின் கடிகாரமோ 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொதுநேரத்துக்கு 8 மணி நேரம் முந்தி ஓடுகிறது. தீவு அமைந்திருக்கும் தீர்க்கரேகைக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதல். அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 1 மணியைத் தாண்டியே வருகிறது. பிப்ரவரி நடுவில் அது மிகவும் தள்ளிப்போய் 1.19 அளவில் விழும். ஊரிலிருந்து கொண்டுவந்த நேரக் கணக்கை வைத்து, இவர் ஒவ்வொரு வேலை நாளும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும் சமயம் பார்த்துப் பள்ளி வாயிலில் நின்றிருக்கிறார்.

செயலி எதை அளந்தது

அப்படியானால் செயலி ஏன் சிவக்கவில்லை என்பது அடுத்த கேள்வி. அதன் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். செயலி முதலில் ஆறு வகைத் தோல்களில் உங்களுடையது எது என்று கேட்கும். பிறகு கைப்பேசி இருக்கும் இடத்தையும் நேரத்தையும் கொண்டு புறஊதாக் கதிர்க் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் வகுத்து, தோல் சிவந்து எரிவதற்கு எத்தனை நிமிடங்கள் ஆகும் என்று சொல்லும். குறியீட்டின் ஒவ்வோர் எண்ணும், தோலைச் சிவக்கச் செய்யும் ஆற்றலில் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் என்று பொருள்படும். குறியீடு 10 என்றால் நிமிடத்துக்கு 15 ஜூல். 35 நிமிடங்களில் 525 ஜூல் சேரும். வெளிர்த் தோலுக்கு 250 ஜூல் அளவிலேயே எரிச்சல் தொடங்கிவிடும் என்று கொண்டால், அப்படிப்பட்டவர் எல்லையை இருமடங்கு தாண்டியிருப்பார். இவரைச் செயலி ஐந்தாம் வகை என்று சரியாகவே பதிந்திருந்தது. அந்த வகைக்கு 600 ஜூலுக்கு மேல் எல்லை வைத்தால், 35 நிமிட நடை பச்சைக்குள்ளேயே அடங்கிவிடும். சன்ஸ்கிரீன் பூசியதாகப் பதிந்தால் எல்லை இன்னும் எங்கோ போய்விடும்.

கணக்கில் தவறில்லை. இவருடைய தோல் எரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் இவர் வந்தது எரிச்சலுக்காக இல்லையே.

தோலை ஆறு வகைகளாகப் பிரிக்கும் அளவுகோலை 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்தார். ஒளிச் சிகிச்சையில் வெள்ளையர் தோலுக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதே அப்போது நோக்கம். பழுப்புத் தோலும் கறுப்புத் தோலும் ஐந்தாம் ஆறாம் வகைகளாகப் பின்னால் சேர்க்கப்பட்டன. கனடாவில் 1992இல் தொடங்கிய புறஊதாக் கதிர்க் குறியீடும், சன்ஸ்கிரீன் குழாயில் அச்சிடப்படும் எஸ்பிஎஃப் எண்ணும் இதே வழியில் தோல் சிவப்பதைத்தான் அளவையாகக் கொண்டவை. ஆக, அளவுகோல், குறியீடு, களிம்பின் எண் ஆகிய மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன. மங்கின் கேள்வி வேறு. எரிச்சலுக்கு எட்டாத சிறு அளவு வெயிலும் அதைத் தூண்டும்; நீள அலை புறஊதாக் கதிர்கள் தூண்டும்; நம்மைப் போன்ற பழுப்புத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே தூண்டும். சாதாரணச் சன்ஸ்கிரீன்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. நிலையத்தின் வரவேற்பு மேசை, கிழக்குப் பார்த்த கண்ணாடிச் சுவரை ஒட்டி இருந்தது. கட்டடத்துக்குள் இருப்பதாகப் பதிந்த நேரம் முழுவதற்கும் செயலி சுழியம் போட்டது. சாதாரணக் கண்ணாடி குற்றலைப் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்பதால் எரிச்சல் கணக்கில் அது சரி. நீள அலைக் கதிர்களில் பெரும்பகுதியும் வெளிச்சமும் அதனூடே வந்து காலை நேரத்தில் அவருடைய இடது கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தன. மங்கு இடது பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்ததற்கு இது காரணமாக இருக்கலாம்; உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

மேலே எழுதியவை எல்லாம் முதல் நாளிலேயே எனக்குத் தெளிவாக இருந்ததாக எண்ண வேண்டாம். உச்சிப்பொழுதுப் பிழை மட்டுமே அன்று பிடிபட்டது. செயலி அளப்பது எரிச்சலை என்று தெரிந்தும், அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் தவறினேன்.

முதல் முடிவும் அதன் தோல்வியும்

பச்சை வட்டம் அவருக்கு அளவுக்கு மீறிய தைரியம் தருகிறது என்று எண்ணி, செயலியின் அமைப்பில் தோல் வகையை ஐந்திலிருந்து இரண்டுக்கு மாற்றச் சொன்னேன். எல்லை குறுகினால் எச்சரிக்கை முன்கூட்டியே வரும், அவர் கூடுதல் கவனமாக இருப்பார் என்பது என் எண்ணம். கூடவே எஸ்பிஎஃப் 50, நீள அலைக் கதிர்த் தடுப்பைக் காட்டும் பிஏ++++ குறி கொண்ட 50 கிராம் சன்ஸ்கிரீன் குழாய் ஒன்றைக் கொடுத்து, புறப்படும் முன் ஒருமுறையும் மாலைத் திடலுக்கு முன் ஒருமுறையும் பூசச் சொல்லி, பூசியதைச் செயலியில் பதியவும் சொன்னேன்.

மாற்றிய மறுநாள் முதல் செயலி ஓயாமல் ஒலித்தது. காலை 9 மணிக்குப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, தேக்கா சந்தையிலிருந்து வெளியே வரும்போது, மாலை 5 மணிக்குத் திடலில் என எல்லா வேளைகளிலும் வட்டம் சிவந்தது. உண்மையில் ஆபத்தான 1.20 மணி எச்சரிக்கையும் வந்தது. அப்போது அவர் இரண்டு பிள்ளைகளின் கைகளைப் பிடித்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். முதலில் பயந்து, சனிக்கிழமை வெளியே போவதையே நிறுத்தி வீட்டுத் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். ஒன்பதாம் நாள் அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்துவிட்டார்.

அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை காதில் விழாமல் போகும் என்பது மருந்துக்கடையில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. எங்கள் கணினியும் மருந்து முரண்பாடுகளைப் பற்றி நாள் முழுவதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதைவிடப் பெரிய பிழை, நான் மாற்றிய திசை. கண்ணுக்குத் தெரியும் ஒளி பழுப்புத் தோலில் நீடித்த நிறமாற்றத்தை உண்டாக்குவதையும், இரண்டாம் வகை வெளிர்த் தோலில் அதே ஒளி அவ்வாறு செய்யாததையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு பழுப்புத் தோல்காரரின் நிறமிச் சிக்கலைக் கையாள, அந்தச் சிக்கல் குறைவாக வரும் தோலாக அவரை நடிக்க வைத்திருக்கிறேன்.

மார்ச் நடுவில் அவர் திரும்பி வந்தபோது தோல் வகையை மீண்டும் ஐந்தாக்கினோம். அறிவிப்புகள் அணைந்தே இருக்கட்டும், பூசுவதை மட்டும் பதியட்டும் என்று முடிவு செய்தோம்.

மேகமூட்டமான ஒரு நாள்

அதே மாதத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்வைக் குறிப்பிட வேண்டும். பிற்பகலில் இடிமழை என்ற முன்னறிவிப்பை வைத்துச் செயலி அன்று முழுவதும் குறியீடு தாழ்வாக இருக்கும் என்று காட்டியது. காலையில் வானமும் கறுத்திருந்தது. அவர் களிம்பு பூசாமல், தொப்பியும் இல்லாமல் போனார். மழை தீவின் மேற்குப் பக்கத்தோடு நின்றுவிட்டது. 1 மணிக்கு மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. தேசியச் சுற்றுப்புற வாரியம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் அளவீட்டை மாலையில் பார்த்தபோது, அந்த மணிக்கான எண் 'மிக அதிகம்' என்ற வரம்பில் இருந்தது.

செயலி தந்தது முன்னறிவிப்பு, வாரியம் தருவது அளந்த எண். ஒரு பேட்டையில் கொட்டும் மழை அடுத்த பேட்டையில் தூறாத இந்த ஊரில் அவை இரண்டும் பல நாள்கள் ஒத்துப்போவதில்லை. அன்றிலிருந்து அவர் வாரியத்தின் மைஎன்வி செயலியையும் வைத்துக்கொண்டார். ஆனால் வாரியத்தின் எண்ணும் கடந்துபோன மணி நேரத்தைப் பற்றியது என்பதால், பூசுவதா வேண்டாமா என்பதை எந்த எண்ணையும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது என்ற முடிவுக்கு நாங்கள் நகரத் தொடங்கியது இந்த நாளுக்குப் பிறகுதான்.

குழாயை எடை போட்டது

மே முதல் வாரத்தில் மங்கு குறையவில்லை என்று வந்தார். பிப்ரவரியில் நான் எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டபோது, குறையவில்லை என்பதோடு விளிம்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. செயலியின் பதிவேட்டைத் திறந்தோம். விடுமுறைகளைக் கழித்து 50 வேலை நாள்கள், நாளுக்கு இருமுறை என 100 முறை பூசியிருக்க வேண்டும். 91 முறை பூசியதாகப் பதிவாகியிருந்தது. எந்தச் சிகிச்சையிலும் இவ்வளவு ஒழுங்காக மருந்தைப் பயன்படுத்துபவர்கள் அரிது.

புதுக் குழாய் வாங்கிக்கொள்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். "இன்னும் இருக்குங்க" என்று சொல்லிப் பையிலிருந்து பழைய குழாயை எடுத்தார். பிப்ரவரியில் நான் கொடுத்த அதே குழாய்.

கடையிலிருந்த சிறு தராசில் அதையும், அதே வகைப் புதுக் குழாய் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் 19 கிராம். சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண், தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெறப்படுவது. முகமும் முன்கழுத்தும் சேர்ந்து 600 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒருமுறைக்கு 1.2 கிராம் தேவை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கி எடுக்கும் அளவு. 91 முறைக்கு 109 கிராம், அதாவது இரண்டு குழாய்கள் தீர்ந்து மூன்றாவதைத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் பயன்படுத்தியதோ தேவையில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல்.

நான் குறை சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று தயங்கியபடி கணக்கைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு செய்திகளைச் சொன்னார். வேலை நெருக்கடியில் சில நாள்கள் பூசாமலேயே 'பூசிவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்; அழுத்தாவிட்டால், இடைவிடாமல் பதிந்துவந்த நாள்களின் தொடர் அறுந்துவிடும் என்று செயலி காட்டியது. மற்றது, நான் கேட்டிருக்க வேண்டியது. அந்தக் களிம்பு அவருடைய தோலில் சாம்பல் பூத்தாற்போல வெள்ளையாகப் படிந்தது. முதல் வாரம் சொன்ன அளவில் பூசிக்கொண்டு போனபோது ஒரு பிள்ளை, "டீச்சர், முகமெல்லாம் திருநீறா?" என்று கேட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து கடுகளவு எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

துத்தநாக ஆக்சைடு போன்ற கனிமப் பொருள்கள் கொண்ட களிம்பு மாநிறத்தில் வெள்ளைப் பூச்சாக நிற்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. அலமாரியில் முன்வரிசையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லவில்லை. விற்பனைக்கு வரும் களிம்புகள் யாருடைய முகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன என்பது குறித்து எனக்குத் தனியாக ஒரு மனக்குறை உண்டு. ஆனால் இந்த நிகழ்வில் குறை என் மீதுதான்.

மாற்றிய திட்டம்

அந்த மாதமே அவரைக் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினேன். மருத்துவர் மங்கு என்பதை உறுதிசெய்து, ஹைட்ரோகுவினோன் கலந்த இரவுக் களிம்பை மூன்று மாதங்களுக்கு எழுதிக் கொடுத்தார். வெயில் பாதுகாப்பு இல்லாவிட்டால் அதனால் பயன் நிற்காது என்றும் எச்சரித்தார்.

எங்கள் பங்குக்கு, முதலில் களிம்பை மாற்றினோம். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறச் சன்ஸ்கிரீன், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். தோலின் நிறத்தோடு கலந்துபோகவும் செய்யும். கடையில் இருந்த இரண்டு நிறங்களும் அவருக்கு வெளிறியவை. மூன்றாவதாக ஒன்றை வரவழைத்து, பகல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவிப் பார்த்த பிறகே கொடுத்தேன். விலை பழையதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. அளவாகப் பூசினால் மாதம் ஒரு குழாய்க்கு மேல் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுவாரம் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது வழி. குடை பிடிப்பது ஆகாது, ஏனெனில் இரு கைகளிலும் பிள்ளைகள். அகன்ற விளிம்புத் தொப்பியை ஏற்றுக்கொண்டார். நிலையத்தின் மேற்பார்வையாளரிடம் அவரே பேசினார். வேறொருவரை அனுப்பலாமா என்ற யோசனையை இருவரும் கைவிட்டனர். அந்த வேறொருவருக்கும் அதே வெயில்தான், பிள்ளைகளுக்கும் அதே வெயில்தான். அதற்குப் பதிலாக வழியை மாற்றினார்கள். திறந்த வாகன நிறுத்துமிடத்தைக் குறுக்கே கடக்காமல், நான்கு புளோக்குகளின் கீழ்த்தளம் வழியாகவும் அவற்றை இணைக்கும் கூரையுள்ள நடைபாதை வழியாகவும் வந்தால் 6 நிமிடங்கள் கூடுதலாகும். ஆனால் வெயிலில் நிற்கும் நேரம் 35 நிமிடங்களிலிருந்து ஏறத்தாழ 10 நிமிடங்களாகச் சுருங்கியது. பெயர்ப் பட்டியலைப் பள்ளிக்குள்ளிருக்கும் கூரையின் கீழ் சரிபார்க்கப் பள்ளியும் இசைந்தது. வரவேற்பு மேசை சுவரோரம் நகர்ந்தது.

செயலியை நீக்கிவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பாதுகாப்பான நிமிடங்களைக் காட்டும் வட்டத்தை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, தோல் வகைக்கும் வானிலைக்கும் தொடர்பில்லாத இரண்டு நேரங்களை மட்டும் வைத்தோம்: பிற்பகல் 12.50, மாலை 4.40. பிள்ளைகளின் கையைப் பிடிப்பதற்கு முன்பு, நிலையத்துக்குள் கண்ணாடிக்கு எதிரில் நிற்கும் நேரங்கள் அவை. வானம் எப்படி இருந்தாலும் அந்த இரண்டு வேளையும் பூசுவது. தொடர் அறுவதைக் காட்டும் வசதியை அணைத்தோம். குறியீட்டு எண்ணுக்கு வார இறுதியில் மட்டும் வேலை கொடுத்தோம்: ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவுக்குப் பிள்ளைகளுடன் எப்போது போவது என்று பார்க்க. பொதுவாகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் அந்த எண் தாழ்ந்திருப்பதைச் சில வாரங்களில் அவரே கண்டுகொண்டார். வீட்டுத் திரைச்சீலைகளும் திறந்தன.

பதிவேட்டுக்கு மாற்றாக, ஒவ்வொரு மாத முதல் வாரமும் குழாயைக் கொண்டுவந்து எடை போடுவது என்று ஒப்புக்கொண்டோம்.

பின்னர் நடந்தவை

ஜூன் பள்ளி விடுமுறையின் நான்கு வாரங்களும் அவர் மதியத்தில் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. மாத இறுதியில் மங்கு சற்று மங்கலானது. இதில் எவ்வளவு விடுமுறையால், எவ்வளவு இரவுக் களிம்பால், எவ்வளவு நிறச் சன்ஸ்கிரீனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஜூன் இறுதியில் பள்ளி திறந்து மதிய நடை தொடங்கிய பிறகும் அது திரும்பிக் கருக்கவில்லை என்பதையே நான் சற்று நம்பிக்கையுடன் குறிப்பிட முடியும்.

குழாயின் எடை ஜூலையில் 31 கிராமும், ஆகஸ்டில் 38 கிராமும் குறைந்திருந்தது. முழு அளவான 50 கிராமைத் தொடவில்லை. முன்பிருந்ததைப் போல ஐந்து மடங்கு. அந்த மாதங்களில் செயலியின் பதிவேட்டில் 70 விழுக்காடுதான் பதிவாகியிருந்தது. பதிவு குறைந்தது, பூச்சு கூடியது.

ஆகஸ்ட் இறுதியில் மருத்துவர் இரவுக் களிம்பை நிறுத்தினார். அக்டோபரில் எடுத்த படத்தில் இடது கன்னத்துத் திட்டு வெளிறி விளிம்பு கலைந்திருந்தது. மேலுதட்டுக்கு மேலிருப்பது பெரிதாக மாறவில்லை. வியர்வையைத் துடைக்கும்போது அந்த இடத்துக் களிம்பு முதலில் போய்விடுகிறது என்று அவரே காரணம் சொன்னார். மாமியாரின் பேச்சு நின்றதா என்று கேட்டேன். நிற்கவில்லையாம், இப்போது தொப்பியைப் பற்றிப் பேசுகிறாராம்.

மறுபடி செய்தால்

முதல் சந்திப்பிலேயே கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றாட நேரங்களைக் கேட்பேன்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழ, கையில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதை. கூரையுள்ள வழியும் மேசையின் இடமும் அந்தக் கேள்வியில் பிப்ரவரியிலேயே வெளிப்பட்டிருக்கும். மூன்று மாதங்கள் வீணாகியிருக்காது.

செயலியின் தோல் வகையைத் தொடவே மாட்டேன். எரிச்சலைக் கணக்கிடும் கருவியிடம் நிறமியைக் கேட்க அமைப்பை வளைப்பதில் பொருளில்லை. வெயிலில் சிவந்து எரியும் தோல் உள்ளவர்கள், நீச்சலுக்கும் படகோட்டத்துக்கும் போகிறவர்கள் போன்றோருக்கு அதே நிமிடக் கணக்கு நல்ல வழிகாட்டியாக இருக்கும். அவர்களுக்கு நான் அதை இன்றும் பரிந்துரைக்கிறேன். மங்குக்காக வருபவர்களிடம் நினைவூட்டும் மணியாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

களிம்பைக் கொடுக்கும் முன் முகத்தில் தடவிப் பார்ப்பதும், இரண்டாம் சந்திப்பில் பழைய குழாயைக் கேட்டு வாங்குவதும் இப்போது என் வழக்கம். கணவரையும் ஒருமுறை கூட்டி வரச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. செயலியை நிறுவியவர் அவர், தொடர் அறாமல் இருப்பதை மாலைதோறும் பார்த்துப் பாராட்டியவரும் அவர். அந்தப் பாராட்டுக்காகவே சில நாள்கள் பொத்தானை அழுத்தியதாக இந்த ஆய்வைப் படித்துப் பார்த்தபோது அந்தப் பெண்மணி சொன்னார். அவர் சொன்ன இரண்டு திருத்தங்களில் இது ஒன்று.

மேலுதட்டுக்கு மேலிருக்கும் திட்டுக்காகச் சருமநல நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் மீண்டும் சந்திப்பதாக இருக்கிறோம். குழாயை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.